மாமியின் கறுப்பு வண்டிக்குப் பாலிஷ்

கறுப்புக் கார் வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: வேண்டாம். வெள்ளை வாங்குங்கள், சாம்பல் நிறம் வாங்குங்கள், ஆரஞ்சு கூட வாங்கிக்கொள்ளுங்கள். மும்பையில் கறுப்புக் கார் வைத்திருப்பது, சலவை வேட்டி கட்டிக்கொண்டு காலை ஒன்பது மணி லோக்கல் ரயிலில் ஏறுவது மாதிரி. இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற எனக்குப் பிடித்த வண்டி எதுவென்று கேட்டால், கறுப்புதான். சரியாகப் பாலிஷ் போட்ட கறுப்புக்கு முன்னால் நின்றால் எனக்குப் பசிகூட எடுக்காது.

செம்பூரில் ஒரு தகர ஷெட்டில் நானும் என் வீட்டுக்காரரும் தொழில் செய்கிறோம். நசுங்கியதை நிமிர்த்துவது, பெயின்ட் அடிப்பது அவர் வேலை. பாலிஷ் என் வேலை. வீடு தாராவியில். மத்தியானச் சாப்பாட்டை என் மாமியார் பஸ்ஸில் கொண்டுவருவார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சாப்பாடு கொடுத்ததும் திரும்பிப் போகிற வழக்கம் அத்தைக்குக் கிடையாது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளருக்கு எத்தனை பிள்ளைகள், சொந்த ஊர் எது என்று விசாரித்து முடித்துவிட்டு, சாயங்காலம் எங்களோடுதான் கிளம்புவார். இந்தியில் ஒரு வரி ஒழுங்காகப் பேச வராது. ஆனாலும் குஜராத்திக்காரர்கள் வீட்டுச் சண்டைகூட அத்தைக்குத் தெரியும்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டென்றால் அது பாலிஷ் மெஷின் பற்றியது. அவரிடம் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் முனையில் மாட்டுகிற பஞ்சு வட்டு, பேட் என்போம், ஒரே இடத்தில் நின்று சுழலும். கீறலை வேகமாகத் தேய்த்து எடுக்கும், அதே வேகத்தில் சூடாக்கும். கொஞ்சம் அசந்து ஓர் இடத்திலேயே வைத்துவிட்டால் பெயின்ட் எரிந்துபோகும். நான் வைத்திருப்பது சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். அதனால் ஓரிடத்தில் சூடு தங்காது. மெதுவாகத்தான் வேலை நடக்கும், ஆனால் காரியம் கெடாது. அவர் என் மெஷினுக்கு மிக்சி என்று பெயர் வைத்திருந்தார். "சட்னி அரைச்சாச்சா?" என்று கேட்காமல் ஒரு நாள் போகாது. கோபம் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று தெரிந்தே கேட்கிற மனிதர்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார்.

வெள்ளிக்கம்பி முடி, பருத்திப் புடவை, தோளில் தொங்கும் பெரிய பை. கூட யாரோ வருகிறார்கள், மகனாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஓட்டிக்கொண்டு வந்ததே மாமிதான். இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிற கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்து புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மாமி எழுந்து வெளியே வந்ததைப் பார்த்து, அத்தை நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

மாமி ஏதோ ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க லோக்கலில் லேடீஸ் பெட்டியில், பெரும்பாலும் நின்றுகொண்டே போய் வந்தவர். ஓய்வு பெற்றதும் செகண்ட் ஹேண்டில் இந்த வண்டியை வாங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிகள் இரண்டு பேரும், அக்காவுக்கு எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று தலையில் அடித்துக்கொண்டார்களாம். மாமி அதைச் சொல்லும்போது கொஞ்சம்கூட வருத்தம் தெரியவில்லை. பரிசு வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

வண்டி நல்ல வண்டி. ஆனால் அதன் உடம்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மாமியின் பில்டிங்கில் கார் துடைக்க ஓர் ஆள் வருவான். மும்பையில் எல்லா பில்டிங்கிலும் வருவான். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பில்டிங்கில் உள்ள அத்தனை காருக்கும் அதே தண்ணீர், அதே துணி. போதாக்குறைக்கு எதிரே மெட்ரோ வேலை. ஊர்ப்பட்ட சிமென்ட் தூசியை ஈரத்துணியில் எடுத்து வண்டி முழுக்கத் தேய்த்தால் என்ன ஆகும்? வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். கறுப்பே தெரியவில்லை, ஒரு சாம்பல் புகைதான் தெரிந்தது.

தம்பிகள் ஒரு முடிவோடு இருந்தார்கள். பாலிஷெல்லாம் வேலைக்கு ஆகாது, தெரிந்த காரேஜில் விட்டு முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்களாம். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"இந்தக் கறுப்பைப் பாத்துட்டுதான் வாங்கினேன்" என்றார் என்னிடம். "மேலே வேற கறுப்பை அடிச்சா அது வேற வண்டியாயிடும். என்னோடது இல்லை."

ஞாயிற்றுக்கிழமை லேடீஸ் பெட்டித் தோழிகள் எல்லாரும் செம்பூரில் கூடுகிறார்கள். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போவதாக மாமி வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ரவுண்டு யாருக்கு என்று வாட்ஸப்பில் அடிதடியே நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும்.

பெயின்டின் கனத்தைச் சொல்லும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். காருக்கு நிறத்தின் மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். பாலிஷ் என்பது அந்தப் பூச்சின் மேல் தோலைத் துளித் துளியாகச் சீவுவதுதான். சீவியது திரும்ப வராது. கதவுகள், கூரை, பின்பக்கம் எல்லாம் நல்ல கனம். முன்பக்க மூடியில், அதாவது பானெட்டில் மட்டும் மீட்டர் இறங்கியது. எங்கே வைத்தாலும் இறங்கியது. முன்னால் வைத்திருந்த எவனோ அதை ஏற்கெனவே தேய்த்துத் தள்ளியிருக்கிறான். என் வீட்டுக்காரரும் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. மெல்லிய பேட், மெல்லிய பாலிஷ், ஒரு தடவை ஓட்டலாம், அவ்வளவுதான். அதிலேயே சரியாக வந்தால் உண்டு. தப்பு நடந்து இரண்டாம் தடவை ஓட்ட வேண்டி வந்தால் பூச்சு கிழிந்து நிறம் வெளியே வந்துவிடும். பிறகு தம்பிகள் சொன்ன புதுப் பெயின்ட்தான் கதி.

இதை மாமியிடம் மறைக்காமல் சொன்னேன். மாமி பானெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் ஆரம்பித்தேன். இந்த வேலையில் மெஷினை எடுப்பதற்கு முன்னால் செய்கிற வேலைதான் பாதி. இரண்டு வாளியில் கழுவினேன், ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, ஒன்று துணியை அலச. பிறகு களிமண் மாதிரி இருக்கிற கட்டியை ஈரத்தில் வழுக்கி வழுக்கி இழுத்து, பெயின்டில் ஒட்டிக்கொண்டிருந்த ரயில்வே இரும்புத் தூள், தார் எல்லாவற்றையும் எடுத்தேன். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்கும், அங்கேயெல்லாம் டேப் ஒட்டினேன். ரப்பர், பிளாஸ்டிக்குக்கும் டேப். பேட்டை மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வேன், இல்லாவிட்டால் அதுவே வண்டியை உரசும்.

என்னையும் தயார் செய்துகொள்ள வேண்டும். துப்பட்டா ஆணியில் மாட்டப்படும். முடி கொண்டையாகும். மோதிரம், வளையல் எல்லாம் டப்பாவுக்குள் போகும். வளையலைக் கழற்றியதற்கே அத்தை முன்பு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பழகிவிட்டார். தாலிச் செயினை மட்டும் சுடிதாருக்குள் போட்டு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொள்வேன்.

முதலில் கூரை. பேட்டைப் பெயின்டின் மேல் வைத்த பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும், முன்னால் போட்டால் பாலிஷ் எல்லாம் மூஞ்சியில் தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பி, வேகத்தைக் கூட்டி, ஒரு கோட்டின் மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த கோடு. பேட் படுக்கையாகவே இருக்க வேண்டும், சாயக்கூடாது. அழுத்தவும் கூடாது. அடிக்கடி நிறுத்திப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை, சூடு கூடாது. துடைத்துப் பார்த்தபோது சாம்பல் புகை விலகி உள்ளேயிருந்து கறுப்பு எழுந்து வந்தது. தகரக் கூரையின் ஓட்டைகூட அதில் தெரிந்தது. நான் பாட்டுப் பாடினேன் என்று அத்தை பிறகு சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கை விளக்கைக் கொண்டுவந்து வண்டிக் கூரையில் அடித்தார். 

"ஏட்டி, இங்க வா" என்றார். "சட்னியில கல்லு கெடக்கு."

கூரையின் நடுவில் நாலைந்து மெல்லிய கோடுகள். வட்டக் கீறல் இல்லை, நேர்க்கோடு, புத்தம்புதுசு.  பேட்டில் மணல் ஏறியிருக்கும் என்று அதைக் கழுவினேன். துணியைச் சந்தேகப்பட்டுப் புதுத் துணி பிரித்தேன். ஷெட்டின் ஷட்டரை இறக்கி, தூசி பறக்காமல் இருக்கத் தரைக்குத் தண்ணீர் தெளித்தேன். மறுபடி ஓட்டிக் கோடுகளை எடுத்தேன், கூரையில் கனம் இருந்ததால் எடுக்க முடிந்தது. மறுநாள் மத்தியானம் பார்த்தால் வேறு இடத்தில் வேறு கோடுகள்.

இப்போது நான் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் உப்புத்தாளால் தேய்த்துச் சாண்டிங் செய்கிற தூசி என்றேன். அவர் என் மெஷினைச் சொன்னார். பழைய மெஷினை எடுக்கவா என்று கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். நிஜமாகவே கேட்டார், அதுதான் என்னைக் கொன்றது. சாப்பாட்டு டப்பாவை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சாப்பிட்டோம். கதவுகள் முடிந்தன, பின்பக்கம் முடிந்தது. அங்கே கோடு எதுவும் விழவில்லை, அது இன்னும் குழப்பியது. பானெட்டை நான் தொடவே இல்லை. கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை மாமி வந்துவிட்டார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்றார். கதவுகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. அப்புறம் முன்பக்கம் வந்து, புகை படிந்த பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.  நடந்ததைச் சொன்னேன். கோடு எங்கே விழுந்தது என்று காட்டுவதற்காகக் கூரையின் மேல் எட்டிச் சாய்ந்தேன். அந்தப் பக்கம் நின்ற மாமியும் பார்க்க எட்டினார். எட்டியதில் அவர் புடவைத் தலைப்பு சரிந்து கூரையில் விழுந்தது.

மாமி அதை அள்ளிக்கொண்டு, "ஒரு ஊக்கு இருந்தா தாயேன்" என்றார். "இந்தத் தலைப்பு நிக்கவே மாட்டேங்கறது."

ஊக்கு என்று யாராவது கேட்டால் நம் பெண்களின் கை எங்கே போகும்? யோசிக்காமல் கழுத்துக்குப் போகும். தாலிச் செயினில் ஒரு கொத்து ஊக்கு தொங்காத பெண்ணை நான் தாராவியில் பார்த்ததில்லை. அத்தையின் செயினில் காது குடைகிற குச்சிகூட உண்டு. சாய்ந்த நிலையிலேயே ஊக்கு எடுக்கக் கையைச் சுடிதாருக்குள் விடப்போனேன். செயின் உள்ளே இல்லை. ஏப்ரனுக்கு மேலே வந்து, தாலியும் ஊக்குக் கொத்துமாக, மாமியின் வண்டிக் கூரைமேல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

கோடு போட்டது அந்த ஊக்குகள்தான். மாமியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கும் பின்பக்கத்துக்கும் சாய வேண்டியதில்லை. கூரைக்குச் சாய வேண்டும். பானெட்டுக்கு அதைவிட அதிகமாகச் சாய வேண்டும். முதலில் சிரித்தது மாமிதான். பிறகு நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் ஸ்பிரே கன்னோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார், என் மெஷினைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஊக்கை எல்லாம் எடுத்துவிடலாம். ஆனால் தங்கமும் கீறும், செயின் கொக்கியும் கீறும். டேப் போட்டு நெஞ்சில் ஒட்டிப் பார்த்தேன், வேர்வையில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. கழற்றி வைப்பதுதான் வழி. டப்பாவில் வைக்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறேன், ஒரு மணி நேரம்தான் என்றேன். அத்தை எழுந்து வந்து எனக்கும் காருக்கும் நடுவில் நின்றார்.

"வளவியக் கழட்டுன, சரின்னேன்" என்றார். "தாலிய எறக்கி வச்சிட்டுத்தான் கார் தொடைக்கணும்னா அந்த வேலயே வேண்டாம்ட்டி. எம் மவன் உசிரு அதுல கெடக்கு."

அத்தை நடிக்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நான் மட்டும் என்ன, கழுத்தில் ஏறியதிலிருந்து அதை இறக்கியதில்லை. கழற்றுகிறேன் என்று வாய்தான் சொன்னது, கை செயினைத் தொடவில்லை. மாமி தலைப்பைப் பிடித்தபடியே, தன்னால் யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம், பானெட் இப்படியே இருக்கட்டும் என்றார். சொல்லும்போது பானெட்டைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தார். கையைப் பெயின்ட் கரைக்கிற தின்னரில் கழுவினார், பிறகு சோப்புப் போட்டுக் கழுவினார். 

"ஏம்மா" என்றார் அத்தையிடம். "மெஷின்ல செயின் சுத்திச்சுன்னு வையி, இவ கழுத்து என்னத்துக்கு ஆவும்? அது ஒனக்குச் சம்மதமா?"

அத்தை என் கழுத்தைப் பார்த்தார்.

"கழுத்துல கெடக்கணும், அம்புட்டுத்தான? யாரு கழுத்துன்னு சாமி சொல்லிச்சா?" என்று என்னிடம் திரும்பிக் கையை நீட்டினார். "கொண்டா இங்க. நான் போட்டுக்கிடுதேன்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மகனைப் பார்த்தார். இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார், அதனால் இதற்குத் தடை சொல்ல அவரிடம் எதுவும் தயாராக இல்லை. 

கடைசியில், "ஊக்க எடுத்துட்டுப் போடுல" என்றார். "நெஞ்சுல குத்தும்."

எடுத்த ஊக்குகளில் ஒன்று மாமியின் தலைப்புக்குப் போனது. வீட்டுக்காரர் குனிந்தார். நானே அவர் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டேன். பெயின்ட் படிந்த பனியனுக்கு மேலே தாலியோடு நிமிர்ந்து நின்றவரைப் பார்த்து மாமி போட்டோ எடுக்கப்போனார். நான் கும்பிட்டுத் தடுத்தேன். வண்டியிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள், நீங்கள் சாய்ந்தாலும் அதே கதிதான் என்று வீட்டுக்காரரை விரட்டினேன். சமர்த்தாகத் தள்ளி நின்று, கை நீட்டி விளக்கை மட்டும் பிடித்தார்.

கூரையை முதலில் முடித்தேன். கோடுகள் போயின, புதிதாக எதுவும் விழவில்லை. பிறகு பானெட்டுக்கு வந்தேன். ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். துடைத்தேன். விளக்கு அசைந்தது. வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பேட்டைச் சுத்தம் செய்து, மெதுவாக, நிற்காமல், அழுத்தாமல் நகர்த்தினேன்.  மெஷின் சத்தத்துக்கு நடுவில் அத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கந்தர் சஷ்டி கவசமோ, என்னைத் திட்டினாரோ, தெரியாது. கழுத்தில் எதுவும் இல்லாமல் வேலை செய்வது அவ்வளவு லேசாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சாயும்போது இடது கையால் நெஞ்சைப் பொத்திக்கொள்கிற வழக்கம் எனக்கு இருந்தது என்பதே அது தேவைப்படாமல் போனபோதுதான் தெரிந்தது.

கடைசித் துடைப்பு முடிந்து ஸ்விட்சை அணைத்தேன். மீட்டரை வைத்தார் வீட்டுக்காரர். பூச்சு பத்திரமாக இருந்தது. எட்ட இருந்தே கையை நீட்டி வைத்தார், அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். மாமி முன்பக்கம் வந்து குனிந்தார். பானெட்டில் அவர் முகம், மூக்குத்தி, தலைப்பில் குத்தியிருந்த என் ஊக்கு உட்பட, அச்சாகத் தெரிந்தது. பக்கத்தில் அத்தையின் முகமும் வந்தது. இரண்டு பேரும் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் ரவுண்டு அத்தைக்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவானது, வாட்ஸப்பில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. அத்தை அதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன்பு, வீட்டுக்காரர் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். கொக்கி மாட்டச் சிரமப்பட்டார். மாட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை.

"கனமால்லா இருக்கு" என்றார். "இதையும் போட்டுக்கிட்டாட்டி இத்தன நாளு வேல செஞ்ச?"

  மெஷினின் வயரைச் சுற்றி அதன் பெட்டியில் வைத்தேன். இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் முதலில் செய்கிற காரியம், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு என் முன்னால் வந்து செயினுக்குத் தலையைக் குனிவதுதான்.